கவிழாமல் ஏறுவது எப்படி?

கயாக் என்னும் சிறு படகில் முதன்முறையாகக் காலை வைத்து எழுந்து நிற்பவர், மறுகணமே பெரும்பாலும் தண்ணீருக்குள் இருப்பார். ஏன் தெரியுமா?

கயாக், ஆர்க்டிக் பகுதியில் வாழும் இன்யூட் மக்களின் வேட்டைப் படகு. கரையொதுங்கிய மரங்களாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தித் தைத்தார்கள். நடுவே ஓர் ஆள் நுழையும் அளவே திறப்பு. கிரீன்லாந்துக் கயாக்கின் அகலம் சுமார் 50 செ.மீ. தான். ஒடுங்கிய படகு விரைந்து செல்லும். ஆனால் எளிதில் சாயும்.

மிதக்கும் படகின் மீது இரு விசைகள் செயல்படுகின்றன. எடை, ஈர்ப்பு மையத்தின் வழியே கீழ்நோக்கி இழுக்கிறது. மிதப்பு விசை, மிதப்பு மையத்தின் வழியே மேல்நோக்கித் தள்ளுகிறது. படகு சாய்ந்தால், அமிழ்ந்த பக்கமாக மிதப்பு மையம் நகர்கிறது. நீங்கள் உட்கார்ந்திருந்தால் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும். இரு விசைகளும் சேர்ந்து படகை நிமிர்த்திவிடும். நின்றாலோ ஈர்ப்பு மையம் உயர்ந்து, சாயும்போது மிதப்பு மையத்தையும் தாண்டி வெளியே போய்விடும். இப்போது அதே இரு விசைகள் படகைக் கவிழ்த்துவிடும்!

ஆகவே ஏறும்போது எடையைத் தாழ்த்த வேண்டும். படகைக் கரைக்கு இணையாக நிறுத்துங்கள். துடுப்பைத் திறப்புக்குப் பின்னால் குறுக்கே வைத்து, ஒரு முனையைக் கரையில் படியச் செய்யுங்கள். ஒரு கையால் துடுப்பையும் திறப்பின் விளிம்பையும் சேர்த்துப் பிடியுங்கள். மறு கையைக் கரைப்பக்கமுள்ள துடுப்புத் தண்டில் ஊன்றுங்கள். படகின் பின்பகுதி மேல் அமர்ந்து, கால்களை ஒவ்வொன்றாக உள்ளே விட்டு, மெல்லச் சறுக்கி இறங்குங்கள். உடல் சற்றே கரைப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். முழு எடையையும் தண்டின் மேல் போட்டால் அது முறிந்துவிடும்.

வெளியேறுவதும் இதே வழிதான், தலைகீழ் வரிசையில். கரைக்குத் தாவாதீர்கள்! நீங்கள் 50 கிலோ, படகு 20 கிலோ என்று கொள்வோம். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, நீரின் தடையை விட்டுவிட்டால், நீங்கள் பாயும் வேகத்தைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் படகு பின்னே ஓடும்.

கவிழ்ந்துவிட்டால்? நீர் புகாமல் திறப்பை மூடிய உறையின் முன்பக்க வளையத்தை இழுத்துக் கழற்றி, முன்னே குனிந்து, விளிம்பைக் கைகளால் தள்ளி வெளியேற வேண்டும். மிதவை அங்கி அணிந்து, பயிற்சியாளர் அருகில் இருக்கும்போதே இதைப் பழக வேண்டும். உறைபனிக் கடலில் வெளியேறினால் குளிரே உயிரைப் பறித்துவிடும். அதனால் இன்யூட் வேடர்கள் உள்ளே இருந்தபடியே துடுப்பால் நீரை அழுத்திப் படகை நிமிர்த்தக் கற்றார்கள்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். நீரில் மிதக்கும் சோப்புப் பெட்டியில் களிமண்ணைத் தட்டையாகப் பரப்பி, லேசாகச் சாய்த்து விடுங்கள். பிறகு அதே களிமண்ணை உயரமான தூணாக நிறுத்திச் சாயுங்கள். எடை மாறவில்லை, மாறியது எது?