மருத்துவர் எழுதிவிட்டார், மருந்தாளுநர் வாய் திறக்கலாமா?

மேடையேறினால் கை நடுங்கும் இசைக் கலைஞருக்கு அமெரிக்க மருத்துவர்கள் புரோப்ரனோலால் எழுதிக் கொடுப்பதுண்டு. அந்த மாத்திரைக்கான குறிப்புத் தாளில் ரத்த அழுத்தம் இருக்கும், நெஞ்சுவலி இருக்கும், ஒற்றைத் தலைவலிகூட இருக்கும். மேடை நடுக்கம் இருக்காது. ஆனாலும் அந்தச் சீட்டு சட்டப்படி செல்லும். இதற்குப் பெயர் ‘ஆஃப்-லேபிள்’. பரவலாகப் பயன்படும் மருந்துகளுக்கு எழுதப்படும் சீட்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இப்படிப்பட்டது என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

கடிவாளம் யார் கையில்?

எந்த மருந்து எந்த நோய்க்கென்று விற்பனைக்கு வரலாம் என்பதை மத்திய அமைப்பான எஃப்.டி.ஏ. முடிவு செய்கிறது. அனுமதி பெறாத பயன்பாட்டுக்கு நிறுவனமே விளம்பரம் செய்தால் வழக்கு வரும். நியூரான்டின் மருந்து விவகாரத்தில் 2004இல் வார்னர்-லாம்பர்ட் நிறுவனம் 43 கோடி டாலர் கட்டியது. ஆனால், மருத்துவரின் பேனா எஃப்.டி.ஏ.வுக்குக் கட்டுப்பட்டதல்ல. மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் உரிமம் தருவது மாநிலங்கள்தான். விதி எழுதுவதும் அவைதான்.

‘கேள்’, ‘கேட்காதே’

2020 மார்ச்சில் கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் கேட்டு மருந்துக் கடைகளில் சீட்டுகள் குவிந்தன. அதையே நம்பியிருந்த லூபஸ், முடக்குவாத நோயாளிகளுக்கு மாத்திரை கிடைப்பது கடினமானது. ஒஹாயோ மாநில மருந்தக வாரியம் அவசர விதி போட்டது: சீட்டில் நோயின் குறியீடு இருக்க வேண்டும், கொரோனா என்றால் பரிசோதனையில் உறுதியாகியிருக்க வேண்டும், 14 நாளுக்கு மேல் தரக் கூடாது. அதாவது, பார்த்துக் கொடுக்கச் சொல்லி மருந்தாளுநருக்குக் கட்டளை.

இரண்டே ஆண்டில் மிசூரி மாநிலம் நேரெதிராகத் திரும்பியது. கொரோனாவுக்குக் கேட்கப்பட்ட இன்னொரு மருந்தான ஐவர்மெக்டின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இரண்டின் பலனையும் மறுத்து மருந்தாளுநர் தானாக மருத்துவரையோ நோயாளியையோ அழைத்துப் பேசக் கூடாது என்றது 2022ஆம் ஆண்டுச் சட்டம். அவர்களாகக் கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம். மருந்தாளுநர் ஒருவர் வழக்குப் போட்டார். பேச்சுரிமையைச் சுட்டிக்காட்டி 2023இல் மத்திய நீதிமன்றம் அந்தப் பிரிவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதே 2022இல் டென்னசி வேறு வழி பிடித்தது: மருத்துவருடன் செய்துகொண்ட உடன்பாட்டின் பேரில் மருந்தாளுநரே ஐவர்மெக்டின் தரலாம் என்றது.

ஆஃப்-லேபிள் தன்னளவில் தப்பில்லை. பல நோயாளிகளுக்கு அதுதான் கைகொடுக்கிறது. ஆனால், குறிப்புத் தாளைத் தாண்டி எழுதும்போது எஃப்.டி.ஏ. சரிபார்த்த சான்று துணைக்கு இல்லை. எழுதியவருக்கும் விழுங்குபவருக்கும் இடையே மிஞ்சுவது கவுன்டரில் நின்று சீட்டைப் படிக்கும் இன்னொரு ஜோடிக் கண்தான். அந்தக் கண்ணுக்கு வாயும் உண்டா என்பது எந்த மாநிலத்துக் கடை என்பதைப் பொறுத்தது.