கருவிக்கும் தராசுப் பரிசோதனை வேண்டும்

பழைய இரட்டை, நான்கு சிலிண்டர் மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் சிலிண்டருக்கு ஒரு கார்புரேட்டர் உண்டு. 1969-இல் வந்த ஹோண்டா சிபி750-இல் நான்கு. இவை சமமாக இயங்காவிட்டால் வண்டி உதறும், பெட்ரோல் வீணாகும். வீட்டிலேயே சமன்செய்ய எந்தக் கருவி வாங்கலாம்?

பாதரசக் குழாய் துல்லியமானது. ஆனால் சிந்தினால் அதன் ஆவி நஞ்சு. உணவுப் பொருள் வைத்திருக்கும் நமக்கு அது வேண்டவே வேண்டாம்.

இரண்டு கார்புரேட்டர் என்றால், டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயே போதும், செலவு சொற்பம். வேறுபாடு அதிகமானால் எஞ்சின் ஆயிலை உறிஞ்சிவிடும். ஆகவே குழாய் நீளமாக இருக்கட்டும்.

நான்கு என்றால் வாக்குவம் டயல் செட் வாங்கலாம். முள் துடிப்பை அடக்கும் வால்வு உள்ளதா எனப் பார்க்கவும்.

வாங்கியதும், வெறுந்தட்டில் தராசின் சமம் பார்ப்பது போல, எல்லா டயல்களையும் ஒரே சிலிண்டரில் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவு காட்ட வேண்டும். அளவு சற்றுக் கூடக்குறைய இருந்தாலும் பாதகமில்லை. நாம் செய்வது ஒப்பீடுதான். ஒன்று மட்டும் மாறினால் உடனே திருப்பிக் கொடுங்கள்.

வால்வு இடைவெளியை முதலில் சரிசெய்துவிட்டு, எஞ்சின் சூடான பிறகு, திறந்த வெளியில் வைத்தே சமன்செய்யுங்கள். மூடிய கொட்டகையில் புகை உயிரைக் குடிக்கும்.