பழைய தானுந்துகளில் உமிழ்வுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை அகற்றல்

உமிழ்வுக் கட்டுப்பாட்டுக் கருவிகளை அகற்றல் என்பது, தானுந்துப் பொறியுடன் இணைக்கப்பட்ட மாசு குறைக்கும் பாகங்களைக் கழற்றிவிட்டு வண்டியை இயக்கும் வழக்கம் ஆகும். பொறியின் திறன் கூடும், பழுது குறையும் என்னும் எண்ணத்தில் பழைய வண்டி வைத்திருப்போர் சிலர் இதனைச் செய்கின்றனர். எனினும் இப்பாகங்களுள் சிலவற்றை அகற்றுவது பொறிக்கே கேடு விளைவிக்கும்.

இந்தியாவில் வரலாறு

சென்னையில் 1961 முதல் உருவாக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உருவான அம்பாசிடர் ஆகியவற்றின் தொடக்கக்கால வண்டிகளில் வினையூக்கி மாற்றி கிடையாது. பெட்ரோல் வண்டிகளுக்கான உமிழ்வு வரம்புகள் இந்தியாவில் 1991 இல் நடைமுறைக்கு வந்தன. 1995 ஏப்ரல் முதல் சென்னை, மும்பை, தில்லி, கொல்கத்தா ஆகிய 4 பெருநகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் தானுந்துகளில் வினையூக்கி மாற்றி கட்டாயமாக்கப்பட்டது. ஈயம் மாற்றியைச் செயலிழக்கச் செய்யும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் அப்போதே அறிமுகமானது. 2000 பிப்ரவரியில் அது நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், ஈயமற்ற பெட்ரோல் கிடைக்காத வெளியூரில் எரிபொருள் நிரப்பிய பெருநகர வண்டியின் மாற்றி பாழாகும் வாய்ப்பு இருந்தது.

கருவிகளும் அகற்றலின் விளைவுகளும்

கிராங்க் பெட்டிக் காற்றோட்ட வால்வு: பிஸ்டனைக் கடந்து கீழிறங்கும் வளிமங்களை மீண்டும் உள்ளிழுப்புக் குழாய்க்கு அனுப்புகிறது. இதனை அகற்றித் துளையை அடைத்தால் பெட்டியில் அழுத்தம் கூடி எண்ணெய்க் கசிவு ஏற்படும். எண்ணெயும் விரைவில் கெடும். இவ்வால்வு பொறியின் திறனைக் குறைப்பதில்லை.

எரிபொருள் ஆவிக் கலம்: தொட்டியிலிருந்து எழும் பெட்ரோல் ஆவியைக் கரித்துகள்களில் தேக்குகிறது. இதனை அகற்றினால் பெட்ரோல் நெடி வீசும். தீப்பற்றும் வாய்ப்பும் உண்டு.

வெளியேற்ற வளிம மறுசுழற்சி வால்வு: எரிதல் வெப்பநிலையைத் தணித்து நைதரசன் ஆக்சைடுகளைக் குறைக்கிறது. இவ்வால்வு உள்ள பொறியின் தீப்பொறி நேரம் அதற்கேற்பவே அமைக்கப்பட்டிருக்கும். நேரத்தைத் திருத்தாமல் வால்வை மட்டும் அகற்றினால் பொறியில் தட்டல் ஓசை எழக்கூடும்.

வினையூக்கி மாற்றி: பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற உலோகங்களின் துணையால் கார்பன் மோனாக்சைடையும் எரியாத ஐதரோகார்பன்களையும் தீங்கு குறைந்த வளிமங்களாக மாற்றுகிறது. அடைபட்ட மாற்றி பொறியின் திறனைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்குத் தீர்வு புதிய மாற்றியைப் பொருத்துவதே. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. மூடிய கொட்டகையில் ஓடும் பொறி உயிரைப் பறிக்கும்.

சோதனையும் சட்டமும்

வாலாஜாபாத்தையும் வண்டலூரையும் இணைக்கும் சாலையில் அமைந்த ஒரகடத்தில், புதிய வண்டி வகைகளைச் சோதிக்கும் உலகளாவிய தானுந்து ஆராய்ச்சி மையம் உள்ளது. இத்தகைய மையங்களில் வண்டி உருளைகளின் மீது பல வேகங்களில் ஓட்டிப் பார்க்கப்படுகிறது. மாறாக, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழுக்கான சோதனை, நின்ற நிலையில் ஓடும் பெட்ரோல் பொறியின் கார்பன் மோனாக்சைடையும் ஐதரோகார்பனையும் மட்டுமே அளவிடுகிறது. ஆகவே மறுசுழற்சி வால்வு இல்லாத வண்டியும் சான்றிதழ் பெற்றுவிடக்கூடும். அதனால் அது மாசற்றது என்று ஆகாது.

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) ஆம் பிரிவின்படி, காற்று மாசு வரம்பை மீறும் வண்டியை ஓட்டுவது குற்றம். 2019 திருத்தத்திற்குப் பின் இதற்கு 10,000 ரூபாய் வரை தண்டமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

2021 இல் வெளியான விதிகள், 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மூல வடிவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிய இடமளிக்கின்றன. 1965 ஆம் ஆண்டு ஹெரால்டின் மூல வடிவில் மாற்றி இல்லை. 1995 இல் சென்னையில் விற்பனையான வண்டியின் மூல வடிவில் அது உண்டு. எனவே பழுதான பாகங்களையும் எறியாமல் பாதுகாத்து வைப்பது நன்று.

இவற்றையும் பார்க்க

வினையூக்கி மாற்றி
உள் எரி பொறி
பாரத் உமிழ்வுத் தரநிலைகள்