உடன்பிறந்தார் யாத்திரை

நம் குடும்பங்களில் உடன்பிறந்தவர்கள் எப்பொழுது ஒன்று கூடுகிறார்கள்? கல்யாணத்தில், இல்லையேல் காரியத்தில். கல்யாணத்தில் தமையனார் சம்பந்திகளை உபசரித்துக் கொண்டிருப்பார்; தங்கை சீர்த் தட்டுகளை எண்ணிக் கொண்டிருப்பாள். காரியத்திலோ பேச நா எழாது. பெற்றோர் உள்ள வரையில் போவதற்கு ஊர் என்று ஒன்று உண்டு. அவர்கள் காலத்துக்குப் பின் வீடும் கைமாறிவிட்டால், ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் ஒரு கூரையின் கீழ் ஓர் இரவு தங்குவதற்குக்கூட முகாந்தரம் இல்லாமற் போகிறது.

ஆகையால், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவர்கள் மட்டுமாக மூன்று நாள் பிரயாணம் போய்வர வேண்டும் என்பது என் கட்சி.

ஆங்கிலக் கவி வில்லியம் வோர்ட்ஸ்வொர்த்தின் தங்கை டாரதி, 1778-ல் தாயார் இறந்ததும் உறவினர் வீட்டுக்கு அனுப்பப்பட்டுப் பல வருஷம் தமையனைக் காணாமலே வளர்ந்தவள். அவ்விருவரும் 1803-ல் ஸ்காட்லாந்தில் ஆறு வாரம் குதிரை வண்டியில் சுற்றினார்கள். டாரதி எழுதிய அந்தப் பிரயாண நூல், அவள் காலத்துக்குப் பின் 1874-ல் அச்சேறியது. கவி தம் மனைவியைக் கைக்குழந்தையுடன் வீட்டில் விட்டுச் சென்றதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை!

எங்கே போவது? பேசுவதற்கு அவகாசம் தரும் இடமே உத்தமம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு 46 கிலோமீட்டர் தூரந்தான். மலை ரயில் ஏறிச் சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகிறது. 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகை வரையிலும் ஓடத் தொடங்கிய ரயில் அது. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவேயுள்ள பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு, எஞ்சின் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளிச் செல்லும். அவசரக்காரருக்கு அது ஆகாது. நமக்கு அதுவே வேண்டும். கடல் பிரியமானால் தரங்கம்பாடி: 1620-ல் டேனிஷ்காரர் கட்டத் தொடங்கிய கோட்டைக்கு எதிரே, அலை ஓசையில் மாலைப் பொழுது கழியும். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் இருக்கவே இருக்கிறது.

விதிகள் மூன்று போதும். மூத்தவரின் முழங்காலுக்கு ஏற்ற நடை. யாருடைய பை மிகவும் இளைத்ததோ அதற்கு ஏற்ற செலவு. சொத்து விவகாரத்துக்குப் பெட்டியில் இடமில்லை.

பிறகு என்ன பேசுவது என்று கவலை வேண்டாம். மூத்தவர் அறிந்த தாயார், விளக்கடியில் அவருக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்த இளம் பெண். கடைக்குட்டி அறிந்த தாயாரோ நரை கண்டவர். இரண்டையும் சேர்த்தால்தான் ஒரு முழு வாழ்க்கை. அப்படிச் சேர்த்துச் சொல்லக்கூடியவர்கள் இவ்வுலகில் இந்த நாலைந்து பேர்தாம். அவர்களும் என்றும் நாலைந்து பேராகவே இருக்கப் போவதில்லை. வருகிற விடுமுறைக்கே தேதி குறித்துச் சேதி அனுப்பிவிடுங்கள்.