கேம்பாய் ரோம் பைலைத் திறப்பது எப்படி?

ஆரணியில் பட்டுத் தறி வைத்திருக்கும் உறவினர் வீட்டிற்குப் போயிருந்தேன். "மாமா, இந்த கேம் திறக்கவே மாட்டேங்குது" என்று பையன் புதிய கம்ப்யூட்டரின் முன் உட்கார வைத்தான். சிங்கப்பூர் சித்தப்பா தன் பழைய கேம்பாய் அட்வான்ஸ், கார்ட்ரிட்ஜ், அதிலிருந்து எடுத்த ரோம் பைல் மூன்றையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கருவியின் திரை பழுது. பைலில் டபுள் கிளிக் செய்தபோது எதில் திறப்பது என்று விண்டோஸ் கேட்க, பையன் நோட்பேடைத் தேர்ந்தெடுத்துவிட்டான். திரை முழுக்கப் புரியாத எழுத்துகள்! நல்ல வேளை, சேவ் செய்யவில்லை. செய்திருந்தால் பைலே கெட்டிருக்கும்.

ரோம் என்பது கார்ட்ரிட்ஜின் சிப்பில் உள்ள புரோகிராமின் நகல். அவர்கள் தறியின் மேலிருந்த ஜக்கார்டு அட்டையைக் காட்டினேன். எந்தப் பாவு நூல் எழ வேண்டும் என்பது அட்டையின் துளைகளில் இருக்கிறது. ஆனால் தறி இல்லாமல் அட்டை மட்டும் சேலை நெய்யாது. இங்கே தறியின் வேலையைச் செய்வது எமுலேட்டர் என்னும் புரோகிராம்.

1989ல் வந்த கேம்பாய்க்கு ஜிபி, 1998ன் கலருக்கு ஜிபிசி, 2001ன் அட்வான்ஸுக்கு ஜிபிஏ என பைல் பெயரின் கடைசி எழுத்துகள் அமையும். மூன்றையும் எம்ஜிபிஏ என்ற இலவச எமுலேட்டர் திறக்கும். (2004ல் வந்த நின்டெண்டோ டிஎஸ்ஸின் என்டிஎஸ் பைல்களுக்கு மெலன்டிஎஸ் வேண்டும்.) அதன் சொந்தத் தளத்திலிருந்தே டவுண்லோட் செய்திடவும். திறந்து, பைல் மெனுவில் லோட் ரோம் கிளிக் செய்து, உங்கள் பைலைக் காட்டினால் போதும். ஜிப் பைலை விரிக்காமலே ஏற்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. விண்டோஸ் வழக்கமாக எக்ஸ்டென்ஷனை மறைத்துவிடும். கேம் என்று வந்த பைல் இஎக்ஸ்இ என முடிந்தால் அது ரோம் அல்ல, தொடாதீர்கள். விண்டோஸ் 11ல் போல்டரைத் திறந்து வியூ, ஷோ, பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்துவிடுங்கள். கண்ட தளங்களில் கிடைக்கும் விற்பனை கேம்களின் நகல்கள் காப்புரிமை மீறலும்கூட. சொந்தக் கார்ட்ரிட்ஜை யுஎஸ்பி ரீடர் மூலம் நகலெடுக்கலாம். ஆர்வலர்கள் எழுதி இலவசமாகத் தரும் கேம்களும் உண்டு.

கேம் ஓடியது. ஆனால் பையன் முகம் வாடியது. சித்தப்பா பல மாதம் ஆடிச் சேர்த்த ஆட்டம் இல்லை, முதலிலிருந்து தொடங்கியது. போல்டரைப் பார்த்தேன். ரோம் பைலுக்குப் பையன் தன் பெயரைச் சூட்டியிருந்தான். பக்கத்தில் எஸ்ஏவி என்று முடியும் பைல் பழைய பெயரிலேயே கிடந்தது. சேவ் செய்த ஆட்டம் அதில்தான் இருக்கும். இரண்டின் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் எமுலேட்டர் எடுத்துக்கொள்ளும். எமுலேட்டரை மூடி, ரோமுக்குப் பழைய பெயரையே வைத்தோம். இரண்டையும் பென் டிரைவில் காப்பி எடுத்த பிறகே மீண்டும் திறந்தேன். சித்தப்பா நிறுத்திய இடத்திலேயே ஆட்டம் நின்றிருந்தது.