கையேடு எழுதிய குழு கலைந்தபோது

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் எந்திரத்தின் பற்சக்கரத்தை மாற்றிவிட்டார்கள். கையேட்டைத் திருத்தவில்லை என்று வைத்துக்கொள்வோம். புதிய தொழிலாளி கையேட்டை நம்பித் தவறான வேகத்தில் ஓட்டுவார், வேலை கெடும். கணிப்பொறி நிரல்களுக்கும் இதே கதிதான்.

2010-ல் நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் ஓப்பன்ஸ்டாக் என்னும் திறந்தமூல நிரல்தொகுதியைத் தொடங்கின. பல கணிப்பொறிகளின் ஆற்றலைத் திரட்டிப் பலருக்கும் பகிர்ந்தளிப்பது இதன் பணி. எவரும் சேரக்கூடிய ஒரு பொதுக்குழு இதன் கையேடுகளைக் கவனித்து வந்தது. நிரலோ ஆறு மாதத்திற்கொருமுறை புதுப்பிக்கப்பட்டது! 2017-ல் குழுவினர் பலர் விலகினர்; எஞ்சிய சிலரால் ஈடுகொடுக்க இயலவில்லை.

என்ன செய்தார்கள் தெரியுமா? கையேடுகளைப் பிரித்து, அந்தந்த நிரலை எழுதுவோரிடமே ஒப்படைத்தார்கள். நிரலைத் திருத்துபவரே விளக்கத்தையும் உடனே திருத்திவிடலாம் அல்லவா?

இதில் ஒரு குறையும் உண்டு. நிரலை அறிந்தவருக்குப் புதியவரின் ஐயம் எளிதில் தோன்றாது. அதைக் கேட்டறிந்து எழுதத் தனி ஆள் வேண்டும். கட்டற்ற மென்பொருளை எளிய தமிழில் விளக்க 2012-ல் ‘கணியம்’ மின்னிதழ் தோன்றியது.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஓர் ஆய்வகச் சோதனையின் செய்முறையை எழுதி, கீழ்வகுப்பு மாணவரிடம் கொடுங்கள். அவர் தயங்கும் இடமே நீங்கள் திருத்த வேண்டிய வரி.