ஏரிக்கரையும் அபாயத் தரமும்

நூம்பலில் வாழும் நான், தென்மேற்கே சில கல் தொலைவிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரிக்கு அவ்வப்போது சென்று வருவதுண்டு. மக்கள் காற்று வாங்க வரும் இடம் அது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய அவ்வேரியைத் தாங்கி நிற்பது நீண்ட மண்கரையே.

ஒருநாள் ஒரு மாணவன் வினவினான்: "ஐயா, பேரபாய அணை என்று தரங் குறித்தால், அது உடையப் போகிறது என்று பொருளா?"

அன்று. அபாயத் தரம் வேறு. கரையின் நிலைமை வேறு. கரை உடைந்தால் கீழே வாழ்வோர்க்கு எத்துணைக் கேடு விளையும் என்பதை முன்னது கூறும். கரை இன்று எத்துணை உறுதியாயுள்ளது என்பதைப் பின்னது கூறும். ஆகவே, சிற்றேரியின் கீழும் வீடுகள் பெருகினால், கரையில் ஒரு பிடி மண்ணும் மாறாமலே அபாயத் தரம் உயர்ந்துவிடும்.

மண்கரைக்குப் பெரும்பகை இரண்டு. நீர் மேலே வழிந்து மண்ணை அரிப்பது ஒன்று. எலிவளை, மரவேர் வழியே கசிந்து உள்ளே குடைவது மற்றொன்று. 1979-இல் குஜராத்தின் மச்சு அணையின் மண்கரை, நீர் மேலே வழிந்தமையால் உடைந்தது. மோர்பி நகரம் பேரழிவுற்றது. இதனைத் தடுக்கவே கலங்கலும் மதகும் அமைந்துள்ளன. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. கரை நின்றது, அடையாற்றின் இருமருங்கும் மூழ்கின.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், பெரிய அணைகளைப் பருவமழைக்கு முன்னும் பின்னும் சோதிக்கப் பணிக்கின்றது. சிற்றூர் ஏரிக்கோ ஊரார் கண்களும் காவலாக வேண்டும். கரையடியில் கலங்கிய நீர் கசியக் கண்டால், மண் கரைந்து வருகிறது என்று உணருங்கள். உடனே உரியவர்க்கு அறிவியுங்கள்.